பெயர் தெரிந்தால்தான் கிடைக்கும்

பொத்தேரி ரயில் நிலையத்தை ஒட்டியே எஸ்.ஆர்.எம். வளாகம் தொடங்கிவிடுகிறது. ஜிஎஸ்டி சாலையில் கூடுவாஞ்சேரியை நோக்கிச் சற்று நகர்ந்தால் வல்லாஞ்சேரியில் ஜோஹோவின் வளாகம். நிரல் எழுதக் கற்பவர்களும் அதை எழுதியே பிழைப்பவர்களும் இவ்வளவு நெருங்கி வாழும் ரயில் நிறுத்தங்கள் சென்னையின் தென்புறத்தில் அதிகமில்லை. இங்கே விடுதி அறைகளிலும் ஆய்வகங்களிலும் அலுவலக மேசைகளிலும் நாள் முழுக்க ஒரே கட்டளை தட்டப்பட்டுக்கொண்டிருக்கிறது: ‘பிப் இன்ஸ்டால்’. அதன் பின்னால் ஒரு பேக்கேஜின் பெயர். என்டரைத் தட்டினால், எங்கோ யாரோ எழுதி வைத்த நிரல் சில நொடிகளில் நம் கணினிக்கு வந்து சேர்கிறது.

தமிழ் உரைகளை வைத்து புராஜெக்ட் செய்யும் மாணவி ஒருத்தி ‘பிப் இன்ஸ்டால் ஓப்பன்-தமிழ்’ என்று தட்டுவதாக வைத்துக்கொள்வோம். பேக்கேஜ்களைப் பொருத்தும் கருவியான பிப் முதலில் அந்தப் பெயரைச் சீராக்குகிறது. பெரிய எழுத்துகளைச் சிறியதாக்கும். புள்ளி, அடிக்கோடு, இடைக்கோடு மூன்றையும் ஒன்றாகவே எண்ணும். பிறகு, பைத்தான் மொழியின் பொதுக் களஞ்சியமான பைபிஐயிடம் அந்தப் பெயருக்குரிய பக்கத்தைக் கேட்கும். அலங்காரம் எதுவும் இல்லாத பக்கம் அது. இதுவரை வெளியான பதிப்புகளின் கோப்புகள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு முகவரி. கோப்பு வழியில் சிதையவோ மாற்றப்படவோ இல்லை என்று சரிபார்க்க ஒரு ஹாஷ் எண். நம் பைத்தான் பதிப்புக்குப் பொருந்துவதில் புதியதைப் பிப் இறக்கிக்கொள்கிறது. அந்தப் பேக்கேஜ் வேறு பேக்கேஜ்களை நம்பியிருந்தால் அவற்றையும் இதே வழியில் கொண்டுவருகிறது. 2015இல் எழுதி ஏற்கப்பட்ட ஒரு சிறிய விதிமுறைதான் களஞ்சியத்தோடு நடக்கும் இந்தப் பேச்சுவார்த்தைக்கு அடிப்படை.

ஓப்பன்-தமிழ் எதற்கு என்பதையும் சொல்லிவிட வேண்டும். ‘தமிழ்’ என்ற சொல்லில் எத்தனை எழுத்து என்று பைத்தானைக் கேட்டால் ஐந்து என்கிறது. த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று யூனிகோடில் உள்ள குறியீடுகளை அது எண்ணுகிறது. நமக்கோ அது மூன்றெழுத்துச் சொல். ஒரு வெண்பாவுக்குச் சீர் பிரிக்கவோ, ஒரு சொல் விளையாட்டு எழுதவோ, பெயர்களை அகரவரிசைப்படுத்தவோ முனைந்தால் முதல் அடியிலேயே இந்தச் சிக்கல் எதிர்ப்படும். எழில் என்ற தமிழ் நிரல்மொழியை உருவாக்கிய முத்து அண்ணாமலையும் நண்பர்களும் சேர்ந்து, இதுபோன்ற வேலைகளுக்கென எழுதித் திறந்த உரிமத்தில் வெளியிட்ட பேக்கேஜ்தான் ஓப்பன்-தமிழ். அதைப் பொருத்திக்கொண்டால் மூன்று என்ற விடை ஒரே வரியில் கிடைக்கும்.

கட்டளை தட்டிய பிறகு நடப்பதெல்லாம் தெளிவாக வகுக்கப்பட்டவை. அதற்கு முன்னால் நடப்பதுதான் கடினம். அப்படி ஒரு பேக்கேஜ் இருக்கிறது என்று அந்த மாணவிக்கு எப்படித் தெரிந்தது? சீனியர் சொல்லியிருக்கலாம். கணியம் என்ற இணையதளத்தில் படித்திருக்கலாம். தெரியாமல் போயிருந்தால், பல ஆண்டு உழைப்பில் உருவான ஒன்றை அவளே மறுபடி உட்கார்ந்து, அரைகுறையாக, எழுதியிருப்பாள். தமிழ்க் கணிமையில் இது திரும்பத் திரும்ப நடக்கிறது. எழுத்துரு மாற்றியையும் சொற்பிரிப்பானையும் எத்தனை கல்லூரிகளில் எத்தனை பேர் புதிதாகத் தொடங்கியிருப்பார்கள் என்று நினைத்தால் மனம் கனக்கிறது. களஞ்சியத்தில் இருப்பது வேறு, கண்டெடுக்கும்படி இருப்பது வேறு. இந்த அத்தியாயம் இரண்டாவதைப் பற்றியது.

பட்டியல் முந்தியது, கிடங்கு பிந்தியது

நிரல்களை ஓரிடத்தில் சேர்த்து வைக்கும் எண்ணம் டெக் என்ற அச்சுக்கோப்பு மொழியின் பயனர்களிடம் சீக்கிரமே வேர்விட்டது. எழுத்துருக்களும் துணை நிரல்களும் பல பல்கலைக்கழகக் கணினிகளில் சிதறிக் கிடந்த காலம். 1992இல் அவற்றை ஒருங்கே அடுக்கும் வேலை தொடங்கி, சிடான் என்ற பெயரில் ஓர் ஆவணக் கிடங்கு உருவானது. அதில் தமிழுக்கும் இடம் இருந்தது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் தாமஸ் ரிட்ஜ்வே உருவாக்கிய வாஷிங்டன் தமிழ் எழுத்துரு அந்தக் கிடங்கின் மொழிகள் பகுதியில், தமிழ் என்ற அடைவுக்குள், இன்றும் இருக்கிறது. யூனிகோடு பரவாத நாளில் தமிழை அழகாக அச்சிட விரும்பிய ஆய்வாளருக்கு அந்த அடைவு பெரிய துணை.

சிடானைப் பார்த்து பெர்ல் மொழிக்காரர்கள் 1995 அக்டோபரில் சிபானைத் திறந்தார்கள். ஆர் என்ற புள்ளியியல் மொழிக்கு 1997 ஏப்ரலில் கிரான் வந்தது. வியன்னாவில் கர்ட் ஹோர்னிக்கும் ஃபிரீட்ரிக் லைஷும் அதை நிறுவியபோது அதில் இருந்தவை வெறும் 12 பேக்கேஜ்கள். இன்று 20,000ஐத் தாண்டிவிட்டது. கிரானின் முழு நகலை உலகெங்கும் உள்ள கல்வி நிறுவனங்கள் தங்கள் கணினிகளில் வைத்து, மூலக் கிடங்கோடு தினமும் ஒத்திசைத்துக்கொள்ளும். இவற்றை மிரர் என்பார்கள். கிரானின் மிரர் பட்டியலில் இந்தியா என்ற தலைப்பின் கீழ் சென்னை ஐஐடியின் பெயர் இருந்தது. புவனேஸ்வரம் அருகிலுள்ள நைசர் ஆய்வு நிறுவனமும் பின்னர் சேர்ந்தது. வெளிநாட்டு இணைப்பு மெதுவாக இருந்த ஆண்டுகளில், கிண்டியில் ஒரு நகல் இருப்பது ஆர் பயன்படுத்திய சென்னை மாணவர்களுக்கு எவ்வளவு பெரிய உதவி என்பதை இன்றைய ஃபைபர் இணைப்புக்காரர்கள் ஊகித்துப் பார்க்கத்தான் வேண்டும்.

பைத்தான் கொஞ்சம் வேறு வழியில் வந்தது. 2003இல் பைபிஐ தொடங்கியபோது அது கிடங்காகவே இல்லை. பெயர், ஆசிரியர், விளக்கம், கோப்பு கிடைக்கும் முகவரி ஆகியவற்றை மட்டும் குறித்து வைக்கும் பட்டியலாக இருந்தது. கோப்பையே அங்கு ஏற்றும் வசதி 2005இல்தான் வந்தது. அதற்குப் பிறகும் பல ஆண்டுகள், பட்டியலில் பெயரும் வேறெங்கோ ஓர் இணையதளத்தில் கோப்புமாகப் பல பேக்கேஜ்கள் இருந்தன. ஆசிரியர் படிப்பை முடித்துக் கல்லூரியை விட்டுப் போவார், அவருடைய பக்கம் மூடப்படும், பட்டியலில் பெயர் மட்டும் எஞ்சும். இதுபோன்ற அனுபவங்களால் வெளி முகவரிகளைப் பைபிஐ படிப்படியாகக் கைவிட்டு, எல்லாக் கோப்புகளையும் தன்னிடமே வைத்துக்கொண்டது.

கோ மொழியோ மையக் கிடங்கே வேண்டாம் என்று தொடங்கியது. அங்கே பேக்கேஜின் பெயரே அதன் இணைய முகவரி. எழுதியவர் எங்கே வைத்திருக்கிறாரோ அங்கிருந்து எடுத்துக்கொள்ளலாம். சுதந்திரமான ஏற்பாடு. ஆனால் ‘கோ மொழியில் என்னென்ன பேக்கேஜ்கள் உள்ளன’ என்ற எளிய கேள்விக்கு அதிகாரபூர்வமாக விடை சொல்ல ஆளில்லாமல் போயிற்று. 2019இல் கூகுள் ஒரு பொது நகலகத்தையும், புதிதாகக் கண்ணில் படும் ஒவ்வொரு பேக்கேஜையும் நேரத்தோடு குறித்துத் தரும் ஓர் அட்டவணையையும் தொடங்கிய பிறகே அந்தக் கேள்விக்கு ஓரளவு விடை கிடைத்தது. மையக் கிடங்கு இல்லாமல் ஒரு மொழி வாழலாம், பட்டியல் இல்லாமல் வாழ முடியாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

அரை மில்லியன் பெயர்களுக்குள்

ஒரு களஞ்சியத்தில் உள்ள எல்லாவற்றையும் வரிசைப்படுத்திப் பார்க்க முடியுமா? பெரும்பாலும் முடியும், ஆனால் வழி ஒவ்வொன்றுக்கும் வேறு. கிரானில் ‘பேக்கேஜஸ்’ என்றே பெயர் கொண்ட ஓர் உரைக் கோப்பு இருக்கிறது. பெயர், பதிப்பு, சார்புகள் எல்லாம் அதில் உண்டு. சிபானில் எந்த மாட்யூல் எந்தக் கோப்பில் உள்ளது என்று சொல்லும் சுருக்கிய அட்டவணை ஒன்று. ஜூலியா மொழியின் பதிவேடு முழுவதும் ஒரே கிட் களஞ்சியம். அதை நகலெடுத்தால் வரலாறும் கூடவே வந்துவிடும். பைபிஐயில், பிப் பேசும் அதே முகவரியின் முதல் பக்கத்தைத் திறந்தால் 5 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் ஒன்றன் கீழ் ஒன்றாக வந்து விழும். பெயர்கள் மட்டும். அது என்ன செய்யும், யார் எழுதியது, கடைசியாக எப்போது புதுப்பிக்கப்பட்டது என்பதெல்லாம் அந்தப் பக்கத்தில் இல்லை.

முன்பு பிப்பிலேயே ‘பிப் சர்ச்’ என்றொரு கட்டளை இருந்தது. சொல்லைக் கொடுத்தால் தொடர்புடைய பேக்கேஜ்களைக் காட்டும். தானியங்கி நிரல்கள் ஓயாமல் அதைத் தட்டியதில் பைபிஐயின் கணினிகள் பளு தாங்காமல் திணற, 2020 டிசம்பரில் அந்தச் சேவையை நிறுத்திவிட்டார்கள். அது திரும்ப வரவில்லை. உலகில் மிக அதிகம் பயன்படும் நிரல்மொழிகளில் ஒன்றின் களஞ்சியத்தில், கட்டளை வரியிலிருந்து தேட அதிகாரபூர்வமான வழி இன்று கிடையாது. மாணவர்கள் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை; கூகுளிலோ சாட்ஜிபிடியிலோ கேட்டுக்கொள்கிறார்கள். அதில் ஓர் ஆபத்து இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

இவ்வளவு பெயர்களை வகைப்படுத்துவது எப்படி என்ற கேள்வி புதிதல்ல. சீர்காழியில் 1892இல் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன், மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்துக்கொண்டிருந்தவர், 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகர் ஆனார். பயிற்சிக்காக லண்டன் போனபோது ஒரு கடையில் மெக்கானோ விளையாட்டுத் தொகுப்பை விளக்கிக் காட்டுவதைப் பார்த்தார். சில பட்டைகளும் நட்டுகளும் போல்ட்டுகளும்தான். சேர்க்கும் விதத்தைப் பொறுத்து ஒவ்வொரு முறையும் வேறு பொருள் உருவாகிறது. நூலுக்கும் இப்படி வகை எண் கொடுக்கலாமே என்று அவருக்குத் தோன்றியது. ஒரு நூலை ஒரே கிளையில் தொங்கவிடாமல், அதன் பொருள், இடம், காலம் என்ற பல முகங்களைத் தனித்தனியே குறித்து, முக்காற்புள்ளியால் இணைத்தார். 1933இல் வெளிவந்த கோலன் பகுப்பு முறை அப்படிப் பிறந்தது.

பைபிஐயின் வகைப்பாட்டு வரிகளும் பல முகங்களைத் தனித்தனியே குறிப்பவைதான். ஒரு பேக்கேஜை ஏற்றுபவர் அதன் உரிமம், வளர்ச்சிநிலை, துறை, எந்த இயங்குதளத்துக்கு உரியது என்று ஒவ்வொன்றையும் நிலையான ஒரு பட்டியலிலிருந்து தேர்ந்து குறிக்கலாம். அந்தப் பட்டியலில் ‘நேச்சுரல் லாங்குவேஜ்’ என்ற தலைப்பின் கீழ் தமிழும் இருக்கிறது. இந்த ஒரு வரியை உரியவர்கள் எல்லாரும் சேர்த்திருந்தால், பைபிஐ தளத்தில் தமிழ் என்று வடிகட்டினால் போதும். தமிழுக்கானவை அத்தனையும் எதிரே நிற்கும். சேர்ப்பது கட்டாயமில்லை என்பதால் பலர் அந்த இடத்தை அப்படியே விட்டுவிடுகிறார்கள். வாசகரின் நேரத்தைக் காப்பது நூலகத்தின் கடமை என்று ரங்கநாதன் விதியாகவே வகுத்தார். களஞ்சியத்துக்கும் அது பொருந்தும். அந்தக் கடமையின் பெரும்பகுதி பேக்கேஜை எழுதியவரின் கையில் இருக்கிறது.

பெயரில் இல்லாத தமிழ்

வகைப்பாட்டை நம்ப முடியாதபோது பெயரில் தேடுகிறோம். தமிழுக்கு அங்கேதான் கூடுதல் தொல்லை.

2008இல் வந்த பைத்தான் 3 முதல், மாறிக்கும் செயற்கூறுக்கும் தமிழ் எழுத்திலேயே பெயர் வைக்கலாம். ‘எண்ணிக்கை’ என்று ஒரு மாறியை எழுதினால் பைத்தான் மறுக்காது. ஆனால் பைபிஐயில் பேக்கேஜின் பெயர் ஆங்கில எழுத்துகள், எண்கள், புள்ளி, அடிக்கோடு, இடைக்கோடு ஆகியவற்றால் மட்டுமே அமைய வேண்டும். ரஸ்ட் மொழியின் களஞ்சியமும் தமிழ் எழுத்தை ஏற்பதில்லை. ஆக, தமிழ் பேக்கேஜ் எதுவானாலும் ஆங்கில எழுத்துக்கு மாறியாக வேண்டும். மாற்றும்போது ழகரத்துக்கு ஒருவர் எல் போடுகிறார், இன்னொருவர் இசட்-எச் போடுகிறார். தகரத்துக்குச் சிலர் டி மட்டும், சிலர் டி-எச். ‘தமிழ்’ என்ற ஒரே சொல்லுக்கு நான்கு எழுத்துக்கூட்டல்கள் ஆகிவிட்டன. ஒன்றைத் தேடுபவருக்கு மற்ற மூன்றும் தட்டுப்படாது. புள்ளியையும் இடைக்கோட்டையும் ஒன்றாக்கத் தெரிந்த பிப்புக்கு, இந்த நான்கும் ஒரே சொல் என்று தெரிய வழியில்லை.

இன்னும் ஒரு திருகல் உண்டு. பொருத்தும்போது கொடுக்கும் பெயரும் நிரலில் அழைக்கும் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. ஓப்பன்-தமிழ் என்று பொருத்திவிட்டு, நிரலில் தமிழ் என்றே இறக்குமதி செய்கிறோம். யாரோ எழுதிய நிரலில் இறக்குமதி வரியை மட்டும் பார்த்த மாணவர் அந்தப் பெயரையே பிப்பிடம் கொடுத்தால், அது வேறொருவருடைய பேக்கேஜாக இருக்கலாம்.

பெயரில் தமிழே இல்லாமல் தமிழைச் சுமந்திருக்கும் பேக்கேஜ்களும் உண்டு. இவற்றைத்தான் நான் அதிகம் எடுத்துச் சொல்ல விரும்புகிறேன். மார்ட்டின் போர்ட்டர் உருவாக்கிய ஸ்னோபால் என்பது சொற்களின் விகுதிகளை உரித்து அடிச்சொல்லைத் தரும் நிரல்களின் தொகுப்பு. தேடுபொறிக்கு இது அடிப்படைத் தேவை. ‘வீடுகள்’, ‘வீடுகளில்’, ‘வீடுகளிலிருந்து’ மூன்றும் ஒரே சொல்லின் வடிவங்கள் என்று கணினிக்குத் தெரிய வேண்டுமே. தாமோதரன் ராஜலிங்கம் எழுதிய தமிழ் விகுதிநீக்கி 2019இல் வெளியான ஸ்னோபாலின் இரண்டாம் பதிப்பில் சேர்ந்தது. ஆவணங்கள் எழுதப் பயன்படும் ஸ்ஃபிங்ஸ் கருவி ‘ஸ்னோபால்ஸ்டெம்மர்’ பேக்கேஜைச் சார்ந்தது. எனவே அந்தப் பதிப்புக்குப் பின் ஸ்ஃபிங்ஸைப் பொருத்திய கணினிகளில், பெர்லினோ டோக்கியோவோ, தமிழ் விகுதிகளைப் பிரிக்கும் நிரல் ஒன்று கூடவே இறங்கியிருக்கிறது. அதைப் பொருத்தியவர்களில் பலருக்குத் தமிழ் என்றொரு மொழி இருப்பதே தெரிந்திருக்காது. நம்மவர்களுக்கு அந்த நிரல் இருப்பது தெரியவில்லை.

சந்தோஷ் தோட்டிங்கல் உருவாக்கிய தமிழ்ச் சொற்பிளப்பு விதிகள் சிடானில் பல மொழிகளுக்கான பொதுத் தொகுப்புக்குள் இருக்கின்றன. பிராகாவின் சார்லஸ் பல்கலைக்கழகத்தில் 600 வாக்கியங்களுக்கு இலக்கணக் குறிப்பிட்டு உருவாக்கிய தமிழ்த் தரவில் பயிற்சி பெற்ற பகுப்பாய்வு மாதிரியை, ஆர் மொழியின் ‘யூடிபைப்’ பேக்கேஜ் வழியாக இறக்கிக்கொள்ளலாம். அந்தத் தொகுப்பின் பெயரிலும் இந்தப் பேக்கேஜின் பெயரிலும் தமிழ் இல்லை.

பெயரை மட்டும் நம்பினால்

முன்பு சொன்ன ஆபத்துக்கு வருகிறேன். சாட்ஜிபிடி போன்ற மொழி மாதிரிகள், இல்லாத பேக்கேஜ் பெயர்களை இருப்பதுபோலச் சொல்லிவிடுகின்றன. பார் லான்யாடோ என்ற பாதுகாப்பு ஆய்வாளர், மாதிரிகள் அடிக்கடி உளறிய ‘ஹக்கிங்ஃபேஸ்-சிஎல்ஐ’ என்ற பெயரில் வெறும் காலிப் பேக்கேஜ் ஒன்றைப் பைபிஐயில் ஏற்றிப் பார்த்தார். மூன்று மாதங்களில் 30,000 முறைக்கு மேல் அது இறக்கப்பட்டது. அவர் நல்லவர், உள்ளே ஒன்றும் வைக்கவில்லை. திருடன் வைத்திருப்பான். நான்கு விதமாக எழுத்துக்கூட்டப்படும் தமிழ்ப் பெயர்களில் இந்த ஆபத்து பெருகும் என்றே நினைக்கிறேன். எண் 1ஐயும் எல் எழுத்தையும் மாற்றிப் போட்டு ஏமாற்றும் பெயர்களைப் பைபிஐ தடுக்கிறது; ழகரக் குழப்பத்தைத் தடுக்க அதனிடம் விதி இல்லை.

களஞ்சியங்களையே பட்டியலிடுவதிலும் கவனம் வேண்டும். நிறுவனங்கள் தமக்குள் மட்டும் பயன்படுத்தும் பேக்கேஜ்களுக்குத் தனிக் களஞ்சியம் வைத்திருக்கும். உள்களஞ்சியத்தோடு பைபிஐயையும் கூடுதல் முகவரியாகக் கொடுத்தால், பிப் இரண்டையும் சமமாகவே பார்க்கும். எங்கே பதிப்பு எண் பெரியதோ அதை எடுக்கும். 2021 பிப்ரவரியில் அலெக்ஸ் பிர்சான் இந்த ஓட்டையை வெளிப்படுத்தினார். பெரிய நிறுவனங்களின் உள்பேக்கேஜ் பெயர்களைக் கண்டறிந்து, அதே பெயரில் பெரிய பதிப்பு எண்ணோடு பொதுக் களஞ்சியங்களில் ஏற்றினார். ஆப்பிள், மைக்ரோசாஃப்ட், பேபால் உட்பட 35க்கும் மேற்பட்ட நிறுவனங்களின் அமைப்புகளுக்குள் அவருடைய நிரல் ஓடியது. வேலைக்குச் சேரும் முதல் வாரத்திலேயே பொத்தேரி மாணவர்கள் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய கேள்வி இது: நம் பிப் எந்தெந்த முகவரிகளைப் பார்க்கிறது?

களஞ்சியங்கள் நிலையானவையும் அல்ல. கூகுள் கோட் 2016 ஜனவரியில் மூடப்பட்டது. பிட்பக்கெட் 2020இல் மெர்குரியல் களஞ்சியங்களை நீக்கியது. பிரான்சின் இன்ரியா நிறுவனம் 2016இல் தொடங்கிய சாஃப்ட்வேர் ஹெரிடேஜ் இந்த இழப்பைத் தடுக்கப் பாடுபடுகிறது. அங்கே ‘லிஸ்டர்’ என்று அழைக்கப்படும் நிரல்கள் இருக்கின்றன. பைபிஐக்கு ஒன்று, ஜாவாஸ்கிரிப்டின் என்பிஎம்முக்கு ஒன்று, கிரானுக்கு ஒன்று என்று, அந்தந்தக் களஞ்சியத்தின் போக்கறிந்து எழுதப்பட்டவை. அவற்றின் வேலை எடுத்து வைப்பதல்ல. என்னென்ன உள்ளன என்று ஓயாமல் வரிசைப்படுத்துவது. எடுத்து வைக்க வேறு நிரல்கள் உண்டு. இப்படி 2000 கோடிக்கும் மேற்பட்ட மூலக் கோப்புகள் அங்கே சேர்ந்துவிட்டன. லிஸ்டர்கள் எட்டாத இடத்தில் உங்கள் நிரல் இருந்தால், அதன் முகவரியை நீங்களே கொடுத்துச் சேமிக்கச் சொல்லவும் வழி வைத்திருக்கிறார்கள்; கட்டணம் இல்லை.

இறுதியாண்டு புராஜெக்டாகத் தமிழுக்கு ஏதேனும் எழுதியிருக்கும் மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். அதை லேப்டாப்பில் முடக்கி வைக்காதீர்கள். பைபிஐயில் ஏற்றுங்கள். ஏற்றும்போது வகைப்பாட்டில் தமிழ் என்ற வரியைச் சேருங்கள். வழங்கும் நான்கு எழுத்துக்கூட்டல்களையும் குறிச்சொற்களில் போடுங்கள். பெயர்தான் ஆங்கில எழுத்தில் இருக்க வேண்டும், விளக்கத்தைத் தமிழிலேயே எழுதலாம். பைபிஐ அதை அப்படியே காட்டும். எழுதத் தொடங்கும் முன் ஒரு மாலை செலவழித்து, ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று தேடுங்கள். இருந்தால் அதில் சேர்ந்து எழுதுங்கள்.